படகுக்கு வாட்டர் ஜெட் கட்டுப்படியாகுமா?

''எங்கள் வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டையில். வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் 28 அடி ஃபைபர் படகில் வலைத்தொழில் செய்கிறார்கள். படகுக்குள் பொருத்திய 10 ஹெச்.பி. டீசல் இன்ஜின். மாதத்தில் இரண்டு, மூன்று முறை புரொப்பல்லரில் வலை சுற்றிக்கொள்கிறது. போன வருடம் கரையேற்றும்போது மாமனாரின் காலில் புரொப்பல்லர் பட்டு, இன்னும் அவரால் சரியாக நடக்க முடியவில்லை. புரொப்பல்லரே வெளியே தெரியாத வாட்டர் ஜெட் போட்டால் தொல்லை தீரும் என்கிறார் கொழுந்தனார். பழைய ஜெட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அதையும் அதற்கேற்ற இன்ஜினையும் வாங்க, பொன்னேரி பக்கம் அப்பா எனக்கு எழுதிவைத்த முக்கால் ஏக்கர் நஞ்சையை அடமானம் வைக்கச் சொல்கிறார்கள். அப்பா வீட்டுக்கு வரும் உங்கள் இதழில் மோட்டார், பம்ப்செட் கேள்விகளுக்குப் பதில் வருவதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். குறைந்த செலவில் நல்ல ஜெட்டை எப்படித் தேர்வு செய்வது?''

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காலடிப்பேட்டை.

வாசகி சரியான இடத்தில்தான் கேட்டிருக்கிறார். வாட்டர் ஜெட் என்பது படகுக்குள் வைத்த ஒரு பம்ப்செட். கிணற்று மோட்டாரைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு ஜெட்டின் குணமும் பாதி தெரிந்த மாதிரிதான். அதை மேம்படுத்திப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் ஒரு பண்ணைக்காரர். நியூசிலாந்தில் ஆட்டுப் பண்ணை வைத்திருந்த பில் ஹாமில்டன், தன் ஊர்ப் பக்கத்து ஆழமில்லாத, கல் நிறைந்த ஆறுகளில் எதிர்நீச்சல் போட்டுப் போகும் படகு வேண்டுமென்று 1950-களில் தன் ஜெட் படகை உருவாக்கினார். முதலில் தண்ணீரைப் படகுக்கு அடியில் பீய்ச்சினார், வேகம் போதவில்லை. பீய்ச்சும் வாயை நீர்மட்டத்துக்கு மேலே, படகின் பின்பக்கம் வைத்த பிறகு வேகம் கூடியது. 1960-ல் அவருடைய ஜெட் படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் எதிர்த்திசையில் ஏறிக் காட்டின.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவருடைய படகு எடை குறைந்தது, வேகமாக ஓடுவது, ஆற்றில் போவது. காலடிப்பேட்டைக் குடும்பத்தின் படகு வலையும் ஐஸும் மீனும் ஏற்றுவது, நிதானமாக ஓடுவது, கடலில் போவது. இந்த வித்தியாசத்தில்தான் கேள்விக்கான பதில் இருக்கிறது.

ஜெட் எப்படி வேலை செய்கிறது?

படகின் அடியில் கம்பிச் சல்லடை போட்ட ஒரு துவாரம் இருக்கும். இன்ஜினோடு இணைந்த இம்பெல்லர் அதன் வழியாகத் தண்ணீரை இழுக்கும். இம்பெல்லருக்குப் பின்னால் இருக்கும் அசையாத தகடுகள், சுழலும் தண்ணீரை நேராக்கும். பின்பக்கத்துக் குறுகலான வாய் வழியாகத் தண்ணீர் வேகமாக வெளியேறும். தண்ணீர் பின்னால் போக, படகு முன்னால் போகும். அந்த வாயை இடமும் வலமும் திருப்பினால் படகு திரும்பும். வாய்க்கு முன்னால் ஒரு வாளி போன்ற மூடியை இறக்கினால் தண்ணீர் முன்பக்கம் திரும்பி, படகு பின்வாங்கும்.

புரொப்பல்லரும் தண்ணீரைப் பின்னால் தள்ளித்தான் படகை நகர்த்துகிறது. ஆனால், அது நிறைய தண்ணீரை மெதுவாகத் தள்ளுகிறது. ஜெட் கொஞ்சம் தண்ணீரை மிக வேகமாகத் தள்ளுகிறது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் தூரமாகப் பாயும். ஆனால், குடம் நிரம்ப நேரமாகும். வேகம் கூடினால் அளவு குறையும். படகு மெதுவாகப் போகும்போது, இப்படி வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரின் சக்தியில் பெரும்பகுதி படகுக்குப் பின்னால் வீணாகக் கரைந்துவிடும்.

டீசல் கணக்கு

ஒரு படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சிக்கனமாகப் போகக்கூடிய வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. படகு நீரைத் தொடும் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த வேகம் 'நாட்' கணக்கில் கிடைக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். 28 அடிப் படகு நீரைத் தொடும் நீளம் 25 அடி என்று வைத்துக்கொள்வோம். 25-ன் வர்க்கமூலம் 5. அதை 1.34-ஆல் பெருக்கினால் 6.7 நாட், அதாவது மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர். 10 ஹெச்.பி. இன்ஜினும் வலையும் மீனும் ஏற்றிய படகு இந்த வேகத்தைத் தாண்டுவது அபூர்வம்.

இனி ஜெட்டுக்கு வருவோம். ஜெட்டின் திறனைத் தோராயமாகக் கணக்கிட ஒரு வழி இருக்கிறது. பீய்ச்சும் தண்ணீரின் வேகத்தைப் படகின் வேகத்தால் வகுத்து, அதோடு 1-ஐக் கூட்ட வேண்டும். வரும் எண்ணால் 2-ஐ வகுக்க வேண்டும். பீய்ச்சும் வேகம் விநாடிக்கு 20 மீட்டர் என்று கொள்வோம். 6.7 நாட் என்பது விநாடிக்கு சுமார் 3.45 மீட்டர். கணக்குப் போட்டால் 29 சதவிகிதம்தான் வருகிறது. இம்பெல்லரிலும் உறிஞ்சும் குழாயிலும் ஆகும் இழப்பைக் கழித்தால் இன்னும் குறையும். அதே ஜெட்டை 25 நாட் வேகத்தில் ஓடும் படகில் வைத்தால் அந்த எண் 78 சதவிகிதமாக உயர்கிறது. அதனால்தான் வேகப் படகுகளில் ஜெட் கொடிகட்டிப் பறக்கிறது. கடலோரக் காவல்படைக்காக எல் அண்ட் டி நிறுவனம் கட்டிக்கொடுத்த 54 இடைமறிப்புப் படகுகளில் இருப்பவை வாட்டர் ஜெட்தான். அவை 45 நாட் வரை பாயக்கூடியவை. பொதுவாக, 20 நாட்டுக்கு மேல் ஓடும் படகுக்கு ஜெட் பொருந்தும். அதற்குக் கீழே புரொப்பல்லரை அடித்துக்கொள்ள முடியாது.

இந்தக் குடும்பத்தின் கணக்கை ரூபாயில் பார்க்கலாம். சரியாகப் பொருந்திய புரொப்பல்லர், இன்ஜின் சக்தியில் பாதியைப் படகை நகர்த்தப் பயன்படுத்தும் என்று வைப்போம். ஜெட்டுக்குத் தாராளமாக 25 சதவிகிதம் கொடுப்போம். அப்படியென்றால், 10 ஹெச்.பி. செய்த வேலைக்கு 20 ஹெச்.பி. வேண்டும். டீசல் இன்ஜின் ஒரு ஹெச்.பி-க்கு மணிக்குச் சுமார் கால் லிட்டர் குடிக்கும்.

புரொப்பல்லர்: மணிக்கு 2.5 லிட்டர். ஒரு நாளைக்கு 6 மணி நேரம் ஓடினால் 15 லிட்டர்.

ஜெட்: மணிக்கு 5 லிட்டர். அதே 6 மணி நேரத்துக்கு 30 லிட்டர்.

ஒரு நாளைக்கு 15 லிட்டர் கூடுதல். ஆண்டுக்கு 200 நாள் தொழில் என்றால் 3,000 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் 2,70,000 ரூபாய். ஜெட்டின் விலை, இன்ஜின் விலை, வட்டி எல்லாம் இதற்கு மேல். அடமானம் வைக்கப்போகும் முக்கால் ஏக்கரில் இரண்டு போகம் நெல் போட்டு, ஆண்டு முழுக்கப் பாடுபட்டாலும் இந்தப் பணத்தை மீட்க முடியாது. மானிய டீசலும் ஆண்டுக்கு இவ்வளவு என்ற வரம்போடுதான் கிடைக்கிறது. வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு லிட்டருக்கும் முழு விலை கொடுக்க வேண்டும்.

ஆக, பழைய ஜெட் இலவசமாகவே கிடைத்தாலும் இந்தப் படகுக்கு அது மலிவான பொருள் அல்ல.

திருவொற்றியூர்க் கடலில் வரும் சிக்கல்

செலவு ஒருபக்கம் இருக்க, இடத்தையும் பார்க்க வேண்டும். திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரை கடல் அரிப்பைத் தடுக்கக் கருங்கற்களும் தூண்டில் வளைவுகளும் போடப்பட்டிருக்கின்றன. அலை உடையும் இடத்தைத் தாண்டி, கற்களுக்கு நடுவே படகைக் கொண்டுவருவது அங்குள்ளவர்களுக்கு அன்றாட வேலை. அந்த நேரத்தில் ஜெட்டுக்கு மூன்று பலவீனங்கள் உண்டு.

முதலாவது, காற்று. ஃபுட்வால்வு நீர்மட்டத்துக்கு மேலே வந்து காற்றை இழுத்தால் மோட்டார் வெறுமனே இரைவதை விவசாயிகள் பார்த்திருப்பார்கள். அலை உடையும் இடத்தில் நுரையும் காற்றும் கலந்த தண்ணீரை ஜெட் இழுத்தால் அதே கதைதான். இன்ஜின் அலறும், படகு நகராது.

இரண்டாவது, திருப்பம். ஜெட் படகுக்குத் தனிச் சுக்கான் கிடையாது. தண்ணீர் பீய்ச்சினால்தான் படகு திரும்பும். கல்லைப் பார்த்ததும் பதறிப்போய் ஆக்ஸிலரேட்டரைக் குறைத்தால், திரும்பும் சக்தியும் கூடவே போய்விடும். பழகாதவர்களுக்கு இது ஆபத்து.

மூன்றாவது, அடைப்பு. பிளாஸ்டிக் பை, அறுந்த வலை, கயிறு, பாசி எல்லாம் மிதக்கும் தண்ணீரில் ஜெட்டின் சல்லடை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த சேறும் உண்டு. சேறும் மணலும் இம்பெல்லரையும் அதைச் சுற்றியுள்ள வளையத்தையும் தேய்த்துவிடும். மணல் அடிக்கும் போர்வெல்லில் மோட்டாரின் இம்பெல்லர் தேய்வது போலத்தான் இதுவும். வலை சுற்றுகிறது என்று புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு ஜெட்டைப் போட்டால், அறுந்த வலை அதன் வாயில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஜெட்டின் நல்ல குணத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சுழலும் இறக்கை வெளியே இல்லாததால் தண்ணீரில் நிற்பவருக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு குறைவு. படகுக்கு அடியில் எதுவும் நீட்டிக்கொண்டு இருக்காது. மாமனாரின் காலைப் பார்த்த பிறகு கொழுந்தனாருக்கு ஜெட் மேல் ஆசை வந்தது நியாயமானதே. ஆனால், அந்த ஆசைக்குக் காரணமான இரண்டு பிரச்னைகளையும் குறைந்த செலவில் வேறு வழியில் தீர்க்க முடியும்.

வலை சுற்றாமல் இருக்க...

வலை விடும்போதும் இழுக்கும்போதும் இன்ஜின் நியூட்ரலில் இருக்க வேண்டும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. காற்று படகை வலையிலிருந்து விலக்கித் தள்ளும்படி நிறுத்தி, முன்பக்கத்திலிருந்து வலையை இழுத்தால் புரொப்பல்லர் பக்கம் வலை வராது.

அடுத்தது, புரொப்பல்லருக்கு அடியில் ஓர் இரும்புத் தாங்கி. படகின் அடிக்கட்டையிலிருந்து சுக்கானின் அடிவரை நீளும் இந்தத் தாங்கி, கீழிருந்து வரும் கயிறையும் வலையையும் ஒதுக்கிவிடும்; தரை தட்டும்போது புரொப்பல்லரையும் காக்கும். அதோடு கம்பிக் கூண்டும் வைக்கலாம். கூண்டு இழுவையைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால், அந்த இழப்பு ஜெட்டில் வரும் இழப்பில் சிறு பங்குதான். புரொப்பல்லருக்கு முன்னால் தண்டில் மாட்டும் கயிறு வெட்டும் கத்தியும் உண்டு. அது சிறு கயிறு, நைலான் இழைகளைச் சமாளிக்கும். முழு வலையைச் சமாளிக்காது.

கரையேற்றும்போது காயம் படாமல் இருக்க...

இதற்கான விடையைத் தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஐ.நா-வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு, சென்னையைத் தலைமையிடமாக வைத்து 1979-ல் வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியது. துறைமுகம் இல்லாத கிழக்குக் கடற்கரை ஊர்களில், அலையைத் தாண்டி மணலில் ஏற்றக்கூடிய டீசல் படகை உருவாக்குவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. அங்கே உருவான படகுகளில் இன்ஜினை நீர் புகாத பெட்டிக்குள் வைத்தார்கள். பெட்டி, தண்டு, புரொப்பல்லர் மூன்றும் ஒன்றாகச் சாயும். கரை நெருங்கியதும் பெட்டியைச் சாய்த்தால் புரொப்பல்லர் மேலே எழும்பிவிடும். தண்டு படகை விட்டு வெளியேறும் இடத்தில் மடிப்புள்ள ரப்பர் உறை தண்ணீரைத் தடுக்கும். ஏர் ஓட்டி முடித்ததும் டிராக்டரில் கலப்பையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புவது போன்ற ஏற்பாடு இது.

இன்று ஃபைபர் படகுகளில் பரவலாக இருக்கும் 'லாங் டெயில்' டீசல் இன்ஜினிலும் இதே வசதி இருக்கிறது. நீண்ட தண்டைக் கைப்பிடியால் அழுத்தினால் புரொப்பல்லர் தண்ணீரிலிருந்து வெளியே வந்துவிடும். வலை சுற்றினால் படகுக்குள் நின்றபடியே அறுத்து எடுக்கலாம். உதிரிபாகமும் மெக்கானிக்கும் காசிமேட்டிலேயே கிடைப்பார்கள். இந்தக் குடும்பம் எதையாவது மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எந்த ஏற்பாடாக இருந்தாலும் ஒரு விதியை மீறக் கூடாது. யாராவது தண்ணீரில் இறங்குவதற்கு முன் இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். நியூட்ரலில் இருந்தால் போதாது. கியர் தவறி விழ ஒரு நொடி போதும்.

ஜெட்தான் வேண்டும் என்பவர்களுக்கு...

சுற்றுலா, மீட்புப் பணி, மாலுமி மாற்றம் போன்ற வேலைகளுக்கு எடை குறைந்த வேகப் படகு வைத்திருப்பவர்களுக்கு ஜெட் பொருந்தும். அவர்கள் பழைய ஜெட் வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

1. இன்ஜினோடு பொருத்தம். இம்பெல்லர் வேகம் பாதியானால் அது வாங்கும் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். 10 சதவிகிதம் வேகம் குறைந்தாலே சக்தி கால் பங்குக்கு மேல் குறையும். பெட்ரோல் இன்ஜினுக்காகச் செய்த ஜெட்டை மெதுவாகச் சுற்றும் டீசல் இன்ஜினில் நேரடியாக மாட்டினால் இன்ஜின் இரையும், படகு ஓடாது. ஜெட்டின் மாடல் எண்ணைச் சொல்லி, எத்தனை சுற்றில் எத்தனை ஹெச்.பி. வாங்கும் என்ற அட்டவணையைக் கேட்டு வாங்க வேண்டும். அட்டவணை இல்லாத ஜெட்டைத் தொடக் கூடாது.

2. இம்பெல்லருக்கும் சுற்று வளையத்துக்கும் உள்ள இடைவெளி. சிறிய ஜெட்டுகளில் புதிதாக இருக்கும்போது இது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இடைவெளி கூடியிருந்தால் இழுவை போய்விட்டது என்று அர்த்தம். இம்பெல்லரின் ஓரம் ரம்பம் போலப் பல் விழுந்திருந்தாலும் வேண்டாம்.

3. அலுமினிய உடலில் அரிப்பு. வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரிப்பைத் தாங்கிக்கொள்வதற்காக வைக்கும் துத்தநாகக் கட்டி தேய்ந்ததும் மாற்ற வேண்டும். அலுமினிய ஜெட்டின் மேல் செம்பு கலந்த பாசித் தடுப்புப் பெயின்ட்டை அடிக்கவே கூடாது. உப்புநீரில் செம்பு பட்டால் அலுமினியம் சீக்கிரம் அரித்துப்போகும்.

4. தண்டு சீல், பேரிங், திருப்பும் வாய், பின்வாங்கும் மூடி, கேபிள்கள். எல்லாம் கையால் அசைத்துப் பார்த்து இறுக்கமாக இருக்க வேண்டும்.

5. அடைப்பு எடுக்கும் மூடி. படகுக்குள் இருந்தபடியே திறந்து குப்பையை எடுக்க வழி இருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது அதற்குள் கையை விடக் கூடாது.

6. உதிரிபாகம். வளையமும் சீலும் இந்தியாவில் எங்கே, எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேட்க வேண்டும். ஒரு சீலுக்காக ஒரு மாதம் படகு கரையில் நின்றால் விலையில் மிச்சம் பிடித்த பணம் கரைந்துவிடும்.

வாங்கும் முன் ஓட்டிப் பார்ப்பது அவசியம். டேங்க்கைத் துண்டித்து, அளவு குறித்த ஐந்து லிட்டர் கேனிலிருந்து டீசல் போகும்படி செய்ய வேண்டும். அளந்த தூரத்தைப் போகவும் வரவும் ஓட்டினால் நீரோட்டத்தின் தாக்கம் சமமாகிவிடும். வழக்கமான சுமையுடன் ஓட்டி, எத்தனை லிட்டர் ஆனது என்று குறித்துக்கொண்டால் விற்பவரின் பேச்சு தேவையில்லை. இதே சோதனையைத் தங்கள் பழைய புரொப்பல்லர் படகிலும் செய்து பார்க்கலாம். படகின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டிவிட்டு மறுபடி ஓட்டினால், டீசல் குறைவது கண்ணுக்குத் தெரியும்.

யாரைக் கேட்பது?

காலடிப்பேட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ராயபுரத்தில் மத்திய மீன்வளக் கடல்சார் பொறியியல் பயிற்சி நிறுவனத்தின் கிளை இருக்கிறது. படகு இன்ஜின் பற்றிய சந்தேகங்களை அங்கே கேட்கலாம். மீன்வளத் துறை அலுவலகத்தில் மானியத்தைப் பற்றி விசாரிக்க வேண்டும். 2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பயனாளிகளுக்குப் பொதுப்பிரிவில் 40 சதவிகிதமும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவிகிதமும் மானியம் என்ற விகிதம் வைக்கப்பட்டது. எந்தெந்தப் பிரிவுக்கு இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்கள் என்பதை நேரில் போய்க் கேட்டுக்கொள்வது நல்லது. வாசகியின் பெயரிலேயே விண்ணப்பிக்க முடியுமா என்பதையும் விசாரிக்கலாம். இன்ஜினை மாற்றினால் படகின் பதிவுச் சான்றில் அதைத் திருத்திக்கொள்ள மறக்கக் கூடாது. விபத்து என்று வந்தால் முதலில் கேட்பது அந்தச் சான்றைத்தான்.

கொழுந்தனாரிடம் 'ஜெட் வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் வீட்டில் சண்டைதான் வரும். மேலே உள்ள டீசல் கணக்கை அவர் கையாலேயே, அவர்கள் படகு ஓடும் மணி நேரத்தை வைத்துப் போடச் சொல்லலாம். அண்ணன், தம்பி இருவரும் கடல் தெரிந்தவர்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் அவர்களே பின்வாங்கிவிடுவார்கள். தாங்கி, கூண்டு, கயிறு வெட்டும் கத்தி ஆகிய மூன்றையும் பட்டறையில் செய்ய ஆகும் தொகை, ஜெட்டுக்கும் புது இன்ஜினுக்கும் கேட்கும் தொகையில் சிறு பகுதிதான். அதற்கு நிலப் பத்திரத்தை எடுத்துக்கொடுக்கத் தேவையே வராது.